ஆனி டிஃப்ராங்கோ தனி ஆளாகத்தான் மேலே வந்தாரா?

கேள்வி: "சொந்தமாகப் பாட்டெழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, இசைக் கம்பெனி எதுவும் இல்லாமல் மேலே வர முடியும் என்று சொல்பவர்கள் எல்லோரும் கடைசியில் ஆனி டிஃப்ராங்கோ என்ற அமெரிக்கப் பாடகியின் பெயரைத்தான் இழுக்கிறார்கள். 15 வயதில் வீட்டை விட்டு வந்தார், 20 வயதில் சொந்தக் கம்பெனி தொடங்கினார், தனி ஆளாக ஜெயித்தார் என்று. அது அமெரிக்கா, அங்கே நடக்கும். கையில் ஒரு கிட்டாரும் எட்டுப் பாட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவனுக்கு அந்தக் கதையால் என்ன பிரயோஜனம்?"

ஜூன் 4, இரவு

தம்பி, பிரயோஜனம் இருக்கிறது. அமெரிக்கா என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட வேண்டாம். அவர் பிறந்தது நியூயார்க் மாநகரம் இல்லை. நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஈரி ஏரிக்கரையில், நயாகராவுக்குப் பக்கத்தில் இருக்கும் பஃபலோ. 1970இல் அவர் பிறந்தபோது இரும்பாலை ஊர். அவர் வளர வளர ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. பக்கத்து லாக்கவானாவில் இருந்த பெத்லஹேம் இரும்பாலை 1983இல் உருக்கு வேலையை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கானவர்களின் வேலை போனது. பாட்டுத் தொழிலுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமே கிடையாது. அங்கிருந்து 15 வயதில் வீட்டை விட்டு ஓடிவந்து, பாட்டெழுதி, 1990இல் தானே ஒரு கேசட் போட்டு, ரைட்டியஸ் பேப் என்று ஒரு பெயர் வைத்துக் கம்பெனி தொடங்கி, இன்றுவரை இருபதுக்கும் மேற்பட்ட ஆல்பங்களை அந்தப் பெயரில்தான் வெளியிட்டிருக்கிறார். பெரிய கம்பெனிகள் ஆள் மேல் ஆள் அனுப்பியும் கையெழுத்துப் போடவில்லை. தனி ஆளாக முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஜூன் 5, காலை

நேற்று சூட்டில் எழுதிவிட்டேன். ஒரு திருத்தம். அவர் ஓடிவரவில்லை. அப்பாவும் அம்மாவும் பிரிந்த பிறகு அம்மா கனெக்டிகட்டுக்குக் குடிபோனார். மகள் கூடப் போகாமல் பஃபலோவிலேயே தங்கிவிட்டார். பதினெட்டு ஆவதற்கு முன்பே ஒரு பிள்ளையைத் தன் பொறுப்பைத் தானே பார்த்துக்கொள்ளும் ஆளாகச் சட்டம் ஏற்றுக்கொள்ளும் வழி அங்கே உண்டு, 15 வயதில் அவர் அந்த வழியில் போனார். ஊரைவிட்டு ஓடியவர் இல்லை, ஊரைவிட்டுப் போக மறுத்தவர். ஒரு வார்த்தை மாறினால் கதையே மாறிவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். அங்கேயே கலைப் பள்ளியில் படித்து முடித்து, பிறகுதான் நியூயார்க் மாநகரத்துக்குப் போனார்.

பெற்றோர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற பெயர்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது சந்தித்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குடிசையிலிருந்து வந்தவர் இல்லை. புத்தகம் இருந்த வீடு.

ஜூன் 5, மதியம்

பெயரை 'அனி' என்று எழுதலாமா என்று கேட்டவருக்கு: நம்முடைய ஆனி மாதம் மாதிரி நீட்டித்தான் சொல்ல வேண்டும். பெரியம்மா மகள் 2001இல் பஃபலோ பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனபோது, ஊர்ப் பெயரைக் கேட்டு ஆச்சி "எருமையூருக்கா போறா?" என்று ஒரு வாரம் சிரித்தாள். அந்த அக்கா விடுமுறைக்கு வந்தபோது எனக்காகக் கொண்டுவந்தது ஒரு எம்பி3 சிடி. மேலே மார்க்கர் பேனாவில் "ஆனி, எங்க ஊர்ப் பிள்ளை" என்று தமிழில் எழுதியிருந்தாள். போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் எங்க ஊர்! அந்தச் சிடியைக் கேட்டுத்தான் எனக்குக் கிட்டார் என்றால் தாளவாத்தியமும்தான் என்று தெரிந்தது.

ஜூன் 7

மூன்று நாளாக மனதில் ஓடுகிறது. முதல் குறிப்பில் "தனி ஆளாக" என்று எழுதினேனே, அது தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்பது வயதில் அவருக்குக் கிட்டார் கிடைக்கிறது. அப்போதே இன்னொன்றும் கிடைக்கிறது, மைக்கேல் மெல்ட்ரம். பஃபலோவில் நாட்டுப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர், கிட்டார் சொல்லிக்கொடுப்பவர். அவர் ஒன்பது வயதுப் பிள்ளையைத் தான் பாடப்போகும் பார்களுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார். யோசித்துப் பாருங்கள், குடித்துக்கொண்டு சத்தமாகப் பேசும் கூட்டத்துக்கு நடுவே அடுத்தவர் பாட்டுகளைப் பாடும் ஒரு சின்னப் பெண். கேட்கவே மனமில்லாத ஆளைத் திரும்பிப் பார்க்கவைப்பது எப்படி என்பதை அவர் அங்கேதான் படித்திருக்க வேண்டும். இதை எந்தப் பள்ளியில் சொல்லித்தருவார்கள்? அவருடைய பாட்டில் திடீரென்று குரல் கிசுகிசுப்பாக இறங்கும், அடுத்த நொடி கம்பியில் சாட்டை மாதிரி ஒரு அடி விழும். சத்தத்துக்கு நடுவே வளர்ந்த பிள்ளையின் பாட்டு அது.

மெல்ட்ரம் இன்னொரு வேலையும் செய்தார். நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் பாட்டெழுதிப் பாடிக்கொண்டிருந்தவர்களைப் பஃபலோவுக்கு வரவழைத்து நிகழ்ச்சி நடத்தினார். ஆக, பாட்டெழுதுபவர் என்றால் போஸ்டரில் மட்டும் இருப்பவர் இல்லை, சாப்பிடுவார், கம்பி மாற்றுவார், பஸ் கட்டணத்துக்குக் கணக்குப் பார்ப்பார் என்பதை அந்தப் பிள்ளை பத்து வயதிலேயே பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறது.

என் கதையைச் சொன்னால்தான் நான் ஏன் இதில் இவ்வளவு நிற்கிறேன் என்று புரியும். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருந்தார். டிசம்பர் ஆனால் கேரல் ரவுண்ட்ஸுக்குக் கிட்டார் வாசிப்பவர். எனக்கு பதினோரு வயது. அவருடைய டிவிஎஸ் 50இல் பின்னால் நான், என் முதுகில் கிட்டார், ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பனியில் வீடு வீடாகப் போவோம். ஜி, சி, டி என்று மூன்று கார்டுதான், அதாவது சேர்த்து மீட்டும் மூன்று சுரக்கூட்டுதான், எனக்குத் தெரியும். நான்காவது கார்டு வரும் இடத்தில் கையை எடுத்துவிட்டுச் சும்மா நில், பாட்டு ஓடிவிடும் என்றார். இப்போது நான் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன், அந்த ஒரு வரியைத்தான் முதல் வகுப்பில் சொல்கிறேன். அந்த அண்ணன் இல்லையென்றால் நான் இல்லை. இருபது வருஷமாக "நானே கற்றுக்கொண்டேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 8

ஆனி வலது கையால் எப்படி வாசிக்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் பிளெக்ட்ரம், அதாவது கம்பியை மீட்டும் சின்னத் துண்டு, பிடிப்பதில்லை. விரல்களில் ஒட்டு நகம் வைத்து, அது கழன்றுவிடாமல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொள்வார். எலக்ட்ரிக்கல் கடையில் வயருக்குச் சுற்றக் கொடுப்பார்களே, அதேதான். சொந்த நகம் அவர் அடிக்கும் அடியைத் தாங்காது. கட்டைவிரல் பேஸ் கம்பியை அறைகிறது, மற்ற விரல்கள் பறிக்கின்றன, நடுவே உள்ளங்கை கம்பியை அமுக்கிச் சத்தத்தை வெட்டுகிறது. கம்பிகளுக்குச் சுருதி வைக்கும் டியூனிங்கும் வழக்கமானதாக இருக்காது, பாட்டுக்கு ஒன்று என்று மாறும். ஒற்றைக் கிட்டாரில் டிரம்ஸ், பேஸ் எல்லாம் கேட்பதுபோல இருக்கக் காரணம் இதுதான்.

2002இல் நானும் செய்து பார்த்தேன். ஃபேன்சி ஸ்டோரில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒட்டு நகம், பசை போட்டு ஒட்டி, மேலே டேப். முதல் பாட்டு அருமை. இரண்டாவது பாட்டில் நடுவிரல் நகம் கிட்டாரின் ஓட்டைக்குள் விழுந்தது. குலுக்கினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம், அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்தாள். ராத்திரி டேப்பைப் பிரித்தபோது சொந்த நகத்தின் மேல்தோலும் சேர்ந்து வந்தது. ஒரு வாரம் சோற்றில் கை வைக்க முடியவில்லை, ஸ்பூன்தான்.

பழகுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த அடி அவர் கையையும் விடவில்லை. 2005இல் மணிக்கட்டில் தசைநாண் அழற்சி வந்து மேடையை விட்டு ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று. மணிக்கட்டு வலித்தால் நிறுத்துங்கள்.

ஜூன் 11

பணக் கணக்கு.

முதல் கேசட் 500 பிரதி. குரலும் கிட்டாரும் மட்டும். பாடிய இடத்திலேயே விற்றார். அப்புறம் கல்லூரி கல்லூரியாக, நாட்டுப்பாட்டுத் திருவிழா திருவிழாவாகக் காரை ஓட்டிக்கொண்டு போனார். கேட்டவர்கள் கேசட்டைப் பிரதி எடுத்து அடுத்த ஊர் சிநேகிதிக்கு அனுப்பினார்கள், அடுத்த முறை அந்த ஊரில் அவர் பாடப்போனால் ஏற்கெனவே வரிகள் தெரிந்த கூட்டம் காத்திருந்தது. பெரிய கம்பெனிகள் கண்டுகொள்ளாத பெண்களின் இசைத் தட்டுகளை விநியோகித்துவந்த கோல்டன்ராட், லேடிஸ்லிப்பர் போன்ற சிறிய நிறுவனங்கள் அவருடைய கேசட்டையும் கடைகளுக்குக் கொண்டுபோயின. எட்டு வருஷம் இப்படி. 1998இல் அவருடைய ஆல்பம் அமெரிக்காவின் விற்பனைத் தரவரிசையான பில்போர்டு பட்டியலில் நேராக 22ஆம் இடத்தில் நுழைந்தது. அதற்கு முந்தைய வருஷம் வந்த மேடைப் பதிவுக்கு, நிறைய விற்றதற்கான கோல்டு சான்றிதழ்.

அந்தச் சமயத்தில் ஒரு இசைத் தட்டுக்கு அவருக்கு 4.25 டாலர் கிடைக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. பெரிய கம்பெனியில் இருப்பவருக்கு இதில் பாதிகூடக் கைக்கு வராது. ஒலிப்பதிவுச் செலவு, முன்பணம் எல்லாம் அவர் பங்கிலிருந்துதான் கழியும், கழிந்து முடியும்வரை பாடியவருக்கு ஒரு பைசா இல்லை. அதைவிடப் பெரியது, மூலப் பதிவு யாருக்குச் சொந்தம் என்பது. கம்பெனியோடு போனால் பெரும்பாலும் கம்பெனிக்கு. ஆனிக்கு ஆனியுடையது.

இந்த வரியை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. 24 வயதில் மூன்று பாட்டுகளை ஒரு சிறிய இசைக் கம்பெனிக்குக் கொடுத்தேன். முத்திரைத்தாளில் நான்கு பக்கம், இரண்டாம் பக்கத்தை நான் ஒழுங்காகப் படிக்கவில்லை. பாட்டு வெளியே வரவே இல்லை. ஆனால் அதை நான் மேடையில் பாடக்கூடாது, வேறு எங்கும் பதியக்கூடாது. அதில் ஒன்று அப்பா இறந்த வாரத்தில் எழுதியது. வீட்டில் பாத்திரம் கழுவும்போது மட்டும் பாடுகிறேன். தம்பி, எட்டுப் பாட்டு வைத்திருக்கிறேன் என்றீர்கள். யாரிடம் கொடுத்தாலும் கொடுங்கள், ஆனால் இரண்டாம் பக்கத்தைப் படியுங்கள். புரியவில்லையென்றால் தெரிந்த வக்கீலிடம் காட்டி, எத்தனை வருஷத்துக்கு, எந்தெந்த உரிமை, வெளியிடாவிட்டால் பாட்டு திரும்பி வருமா என்று இந்த மூன்றையும் கேளுங்கள்.

ஜூன் 12

நேற்றைய கணக்கில் ஒரு திருத்தம். 4.25 என்பது அப்படியே பையில் போட்டுக்கொள்வது இல்லை. கம்பெனி அவருடையது என்றால் வாடகை, ஆள் சம்பளம், அடுத்த தட்டின் செலவு எல்லாம் அவர் தலையில்தான். வெளியிடும் ஆளும் பாடும் ஆளும் ஒருவரே என்பதால்தான் அந்த எண் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொன்று, அந்த எண்ணைக் கொண்டாடியது அவருக்கே பிடிக்கவில்லை. 1997இல் 'மிஸ்' என்ற பெண்ணியப் பத்திரிகை அவரைப் பாராட்டும்போது இந்த வருமானத்தைத்தான் பெரிதாக எழுதியது. அவர் பத்திரிகைக்கே ஒரு திறந்த கடிதம் எழுதினார். நான் நாளைக்கே செத்துப்போனால் கல்லறையில் நிறுவனத் தலைவர் என்று பொறித்துவிடாதீர்கள், பாட்டெழுதியவள், கதைசொல்லி என்று பொறியுங்கள் என்ற அர்த்தத்தில். அதைப் படித்த பிறகும் நான் நேற்று ஒரு பத்தி முழுக்கப் பணம் எழுதியிருக்கிறேன்!

ஜூன் 15

மறுபடி "தனி ஆள்" விஷயம். அவருடைய கம்பெனிக்கு ஒரு கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருந்தது. அங்கே எண்களுக்குப் பதில் எழுத்துகளாகச் சொல்லும் வழக்கம் உண்டே, அந்த எண்ணை எழுத்தாகப் படித்தால் "ஆன் ஹெர் ஓன்" என்று வரும், அதாவது தன் சொந்தக் காலில். ரசிகர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். சரி, அந்த ஃபோனை எடுத்தது யார்? பஃபலோ அலுவலகத்தில் இருந்தவர்கள். மேலாளராக ஸ்காட் ஃபிஷர் ஆரம்ப காலத்திலிருந்து கூடவே இருந்தவர். தட்டு உறை, சட்டை என்று முடிந்ததையெல்லாம் பஃபலோ அச்சகங்களிலேயே அடித்தார்கள், ஊர்ப் பணம் ஊரில் இருக்கட்டும் என்று. மேடையில் முதலில் அவரும் டிரம்ஸ் வாசிக்கும் ஆண்டி ஸ்டொகான்ஸ்கியும் மட்டும், ஒரு கிட்டார் ஒரு டிரம்ஸ், வருஷக்கணக்காக. பிறகு பேஸ் கிட்டாருக்கு சாரா லீ வந்தார். ஆனி நியூயார்க்கில் நியூ ஸ்கூல் என்ற பல்கலைக்கழகத்தில் செகூ சுண்டியாட்டா என்ற கவிஞரிடம் கவிதை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். ஆனியின் பாட்டில் சில இடம் பாடுவதும் இல்லாமல் பேசுவதும் இல்லாமல் தாளத்தில் நடக்குமே, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வகுப்பு ஞாபகம் வரும்.

யாருக்கும் அடிமை இல்லை என்பது வேறு, யாரும் இல்லை என்பது வேறு. இரண்டையும் நான் இவ்வளவு நாள் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருந்தேன்.

ஜூன் 16

2013 விவகாரத்தை ஏன் மறைக்கிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். மறைக்கவில்லை, வலிக்கிற இடம் என்பதால் தள்ளிப்போட்டேன். பாட்டெழுதும் முகாம் ஒன்றை லூசியானாவில் நாட்டோவே என்ற பழைய பண்ணை மாளிகையில் நடத்துவதாக அறிவித்தார்கள். அடிமைகளின் உழைப்பில் எழுந்த இடம். கறுப்பினப் பெண்கள் பலர் கொதித்து எழுதினார்கள், நியாயமான கொதிப்பு. ஆனி முகாமை ரத்து செய்தார், ஆனால் முதலில் வெளியிட்ட அறிக்கை தன் பக்கத்து விளக்கமாகவே இருந்தது, அது இன்னும் புண்படுத்தியது. சில நாள் கழித்துத்தான் சுருக்கமாக, நேராக மன்னிப்புக் கேட்டார். அந்த முதல் அறிக்கை வந்த அன்று நான் சிடியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். எடுக்க ஒரு வருஷம் ஆனது. கூட்டத்தின் குரலைக் கேட்டே வளர்ந்தவர் கேட்கத் தவறிய நாள் அது.

ஜூன் 22

அக்கா 2012இல் ஒரு வேலையாக மறுபடி பஃபலோ போனபோது எடுத்த படங்களைத் தேடிப் பிடித்தேன். டெலவேர் அவென்யூவில் ஒரு பழைய மெதடிஸ்ட் தேவாலயம், 19ஆம் நூற்றாண்டுக் கல் கட்டடம், உயரமான கோபுரம். 1990களில் கல் பெயர்ந்து விழுகிறது என்று இடிப்பதாக இருந்தார்கள். ஆனியும் ஃபிஷரும் சேர்ந்து வாங்கிப் பல வருஷம் பழுதுபார்த்து 2006இல் அரங்கமாகத் திறந்தார்கள். இப்போது பேப்வில் என்று பெயர். மேலே 1,200 பேர் கொள்ளும் கூடம், கீழ்த்தளத்தில் ஒரு குட்டி அரங்கு, கூடவே ஹால்வால்ஸ் என்ற கலை மையமும் அதே கட்டடத்தில். ஆனி நியூ ஆர்லியன்ஸில் குடியேறிவிட்டாலும் கம்பெனியின் வேர் இங்கேதான்.

படத்தில் அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து காப்பி குடிக்கிறாள். பின்னால் பெரிய மரக்கதவு, அதன் ஒரு பலகை மட்டும் புது மரம், மற்றதெல்லாம் பழசு. நிறத்தை ஒப்பேற்றப் பார்க்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்த ஒரு பலகையை நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஜூன் 29

இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். மெல்ட்ரம் அவருக்குச் செய்ததை அவர் மற்றவர்களுக்குச் செய்தார். யூட்டா பிலிப்ஸ் என்ற வயதான தொழிற்சங்கப் பாடகர், ரயிலேறி ஊர் சுற்றிய கதைசொல்லி, அவருடைய மேடைப் பேச்சு நாடாக்களை வாங்கி அடியில் தாளம் சேர்த்து 1996இல் வெளியிட்டார். பேரப்பிள்ளை வயதுக் கூட்டம் அந்தக் கிழவரைக் கேட்டது அப்படித்தான். அப்புறம் வெர்மான்ட் பெண் அனாயிஸ் மிட்செல், ஹேட்ஸ்டவுன் என்ற பாட்டுக் கதையை 2010இல் ஆல்பமாக வெளியிட்டதும் ரைட்டியஸ் பேப்தான். அதில் கிரேக்கப் புராணத்தின் பாதாள ராணி பெர்செஃபனியாகப் பாடியது ஆனி. அது வளர்ந்து 2019இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வே போய் எட்டு டோனி நாடக விருது வாங்கியது. 2024 பிப்ரவரியில் அதே பெர்செஃபனி வேடத்தில் ஆனியே பிராட்வே மேடை ஏறினார், 53 வயதில். யார் யாரைத் தூக்கிவிட்டார்கள் என்று இதில் பிரித்துச் சொல்ல முடிகிறதா?

என்னிடம் படிக்கும் பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி, போன வாரம் சொந்தமாக நான்கு வரி எழுதிக்கொண்டு வந்தாள். மழையில் நனைந்த பஸ் சீட் பற்றி. கடைசி வரிக்கு மெட்டு வரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கையை எடுத்துவிட்டுச் சும்மா நில் என்றேன். நின்றாள். வந்துவிட்டது!

ஜூலை 2

தம்பி, நீங்கள் கேட்டதற்கு நான் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு பாளையங்கோட்டையில் எங்கள் மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். மைக் கிடையாது. பக்கத்து வீட்டு மோட்டார் ஓடும், கீழே தெருவில் ஹாரன் அடிக்கும், அதை மீறிப் பாட வேண்டும். அந்தப் பஸ் சீட்டுப் பாட்டுதான் முதல் பாட்டு. உங்கள் எட்டில் இரண்டைக் கொண்டு வாருங்கள், டியூனர் என்னிடம் இருக்கிறது.